சிவப்புக் கடப்பாரையும் சில பாடபேதங்களும்

இலக்கியம் பேசும் இடத்தில் பிளாஸ்டிக் விமானத்துக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாம் பேசப்போவது விமானத்தைப் பற்றியே. அதிலும் முழு விமானத்தைப் பற்றிக்கூட அன்று, அதன் நடுவே கட்டைவிரல் நுனியளவுக்குக் குறுகிக் கிடக்கும் விமானியறையைப் பற்றி மட்டுமே. ஆயினும் தமிழ் படித்தவர் கையில் அகப்பட்ட எந்தப் பொருளும் கடைசியில் ஏட்டுச்சுவடியிலும் பாடபேதத்திலும் போய் நிற்பது இயல்புதானே.

எடுத்துக்கொண்ட விமானம் ஸ்பிட்ஃபயர். 1936ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்து, பிறகு 20,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் போர்விமானம். இரண்டாம் உலகப்போர் என்றதும் பலர் மனக்கண்ணில் முதலில் எழும் வடிவம் அதுவே. அதன் ஒன்பதாம் வகையை 1/48 அளவில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 11.23 மீட்டர் நீளமுள்ள இறக்கை விரிப்பு, மேசைமேல் ஏறக்குறைய 23.4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கருவிப் பலகையில் எட்டுச் சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டயல், 1.7 மில்லிமீட்டர் ஆகிவிடும். கேழ்வரகு மணி அளவுதான். இந்த மணிக்குள் முள்ளும் எண்ணும் காட்டவேண்டும் என்று பெரியவர்கள் இரவெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டார் சிரிப்பது உலக வழக்கு. சிரிக்கட்டும். நமக்கு வேறொரு வழக்கு இருக்கிறது.

வழக்கின் பொருள் ஒரு கடப்பாரை.

ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறி இறங்குவதற்கு இடப்பக்கம் ஒரு சிறு கதவு உண்டு. அக்கதவின் உட்புறத்தில் முழங்கை நீளமுள்ள ஓர் இரும்புக் கடப்பாரையைப் பொருத்தியிருப்பார்கள். தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி சிக்கிக்கொண்டு நகர மறுத்தால், நெம்பி உடைத்து வெளியேறுவதற்கு. இணையத்திலும் போட்டி அரங்குகளிலும் நாம் காணும் ஸ்பிட்ஃபயர் மாதிரிகளில் பத்துக்கு எட்டில் இந்தக் கடப்பாரை பளிச்சென்று சிவப்பாக இருக்கும். சாம்பல் கலந்த பச்சை அறையில் செக்கச் சிவந்த ஒரு கோடு; பார்வையாளர் கண் நேரே அங்குதான் போகும், நடுவர் கண்ணுந்தான். போர்க்காலத்தில் அது சிவப்பாக இருக்கவில்லை என்பதே சிக்கல். சிவப்பு, போருக்குப் பிற்பட்ட காலத்தின் வழக்கம். மீட்டெடுத்துப் பறக்கவிடப்படும் விமானங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டவற்றிலும், அவசரக் கருவி என்று எவரும் எளிதில் கண்டுகொள்ளும்பொருட்டுப் பூசியது. 1944இல் அவ்வறையில் அமர்ந்திருந்தவருக்கு அது எங்கே இருக்கிறது என்று வண்ணம் பூசிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. இருட்டில் கையால் துழாவியே எடுக்கப் பழகியவர் அவர்.

பிழை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். மீட்டெடுத்த விமானத்தை ஒருவர் வண்ணப்படம் எடுக்கிறார். அப்படம் ஒரு கையேட்டில் அச்சாகிறது. கையேட்டைப் பார்த்து ஒருவர் மாதிரி கட்டிப் பரிசு பெறுகிறார். பரிசு பெற்ற மாதிரியின் படத்தைப் பார்த்து நூறு பேர் கட்டுகிறார்கள். நூற்றியோராவது ஆள் பச்சையில் தீட்டினால், 'சிவப்படிக்க மறந்துவிட்டீர்களே' என்று அவருக்கு அறிவுரை வருகிறது! ஏடு பெயர்த்தெழுதியோர் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒருவர் கை தவறி எழுதியதை அடுத்தவர் பாடம் என்று கொள்வார். மூன்றாமவர் அதற்கு உரையும் எழுதிவிடுவார். பிறகு மூலபாடம் வந்து வாசலில் நின்றாலும் உள்ளே விடுவார் இல்லை.

இவ்வழக்கம் இத்துறையின் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது என்பதும் சுவையான செய்தி. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட முதல் விமான மாதிரி 1/72 அளவிலான ஸ்பிட்ஃபயர். பல தலைமுறைச் சிறுவர்களை இக்கலைக்குள் இழுத்து வந்த மாதிரி அது. ஆனால் அவர்கள் உண்மை விமானத்தை அளந்து அதைச் செய்யவில்லை. அமெரிக்க அரோரா நிறுவனத்தின் 1/48 மாதிரியைச் சுருக்கிப் படியெடுத்தார்கள். படியின் படி. பாட ஆராய்ச்சியில் பொதுப்பிழையை வைத்து எந்த ஏடு எந்த ஏட்டின் வழிவந்தது என்று கண்டுபிடிப்பார்கள் அல்லவா? பிளாஸ்டிக்கிலும் அந்த வித்தை செல்லுபடியாகும்.

'ஒரு கடப்பாரைக்கு இத்தனை ஆரவாரமா' என்று கேட்கலாம். அது எதற்காக அங்கே இருந்தது என்பதை அறிந்தால் அப்படிக் கேட்கமாட்டோம்.

ஸ்பிட்ஃபயரின் கருவிப் பலகைக்கு நேர் முன்னால், அதாவது விமானியின் முழங்காலுக்கு அப்பால், இரண்டு எரிபொருள் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் சேர்த்து 85 காலன். ஏறத்தாழ 386 லிட்டர் பெட்ரோல். தொட்டியில் குண்டு பாய்ந்து தீப்பற்றினால் தீ எந்தத் திசையில் வரும் என்று சொல்லவேண்டியதில்லை. 1940 செப்டம்பர் 3 அன்று, 603ஆம் படையணியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிலரி என்னும் 21 வயது இளைஞர் இவ்வாறு தீப்பற்றிய ஸ்பிட்ஃபயரில் சிக்கினார். அவர் விமானத்துக்கு அப்போதுதான் புதிய மூடி பொருத்தப்பட்டிருந்தது. அது தன் தடத்தில் முழுமையாக நகரவில்லை. அன்று காலைதான் அதை அரத்தால் தேய்த்தும் எண்ணெய் இட்டும் நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயின் நடுவே அந்த மூடி முதலில் நகர மறுத்தது. வார்களைக் கழற்றிவிட்டு மறுபடி போராடிய பிறகே திறந்தது. முகமும் கைகளும் வெந்த நிலையில் கடலில் விழுந்து உயிர் தப்பிய அவர், ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவரிடம் பலமுறை சிகிச்சை பெற்றார். தம் அனுபவங்களை 1942இல் நூலாக வெளியிட்டார். பின்னர் பிடிவாதமாக மறுபடி பறக்கப் போய் 1943 சனவரியில், 23 வயதில், பயிற்சிப் பறப்பொன்றில் மாண்டார்.

நகராத மூடி என்பது அந்த அறையில் அமர்ந்தவனுக்கு என்ன பொருள் தந்தது என்று அறிவதற்கு இவ்வளவு போதும். கதவில் இருக்கும் கடப்பாரை அந்த அச்சத்தின் வடிவம். அதை ஓர் அலங்காரப் பொட்டாக மாற்றிப் 'பச்சையறைக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கிறது' என்று பாராட்டிக்கொள்வதைத்தான் நம்மால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

(ஹிலரி போன்றோர் பறந்த அதே 1940இல் ஸ்பிட்ஃபயரோடு போரிட்ட இன்னொரு படையணி 234ஆவது. அதன் முழுப்பெயரில் 'சென்னை மாகாணம்' என்பதும் உண்டு. 79, 264 ஆகிய படையணிகளும் இப்பெயரை அடைமொழியாகக் கொண்டவையே. நம்மூரார் அளித்த போர்நிதிக் கொடையின் அடையாளம். கேட்டு வாங்கிய கொடையா, கேளாமல் கொடுத்ததா என்னும் ஆராய்ச்சியை வரலாற்றுத் துறையினருக்கு விட்டுவிடுகிறோம்.)

கடப்பாரை ஒன்றுதான் இடைச்செருகல் என்றில்லை. இன்னும் சில உள. பழைய மாதிரிகள் சிலவற்றில் விமானியறைக்கு வீட்டுக் கூடம்போல் தட்டையான தரை ஒன்றை அமைத்திருப்பார்கள். உண்மை ஸ்பிட்ஃபயருக்குத் தரையே கிடையாது. சுக்கான் மிதிகளை நோக்கிக் குதிகால் நகர்வதற்கு இரண்டு ஒடுங்கிய தகட்டுத் தடங்கள் இருக்கும். மற்றபடி கீழே விமான உடலின் வயிறு திறந்து கிடக்கும். பென்சில் கைநழுவினால் போனது போனதுதான். தரை இல்லாத இந்த இருட்டுக் குழியைக் காட்டினாலொழிய அந்த அறையின் உணர்வு வராது. சட்டங்களும் குழாய்களும் நிழலுக்குள் இறங்கி மறைய வேண்டும். நேர்த்தியான தரையைப் போட்டு அதில் செருப்புத்தேய்மானம் வேறு தீட்டுகிறவர்களை என்னென்பது.

இருக்கைக்கு வருவோம். போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடக்கக்கூடிய பாகமன்று அது. தொடக்கத்தில் உலோகத்தால் செய்து பச்சை பூசப்பட்ட இருக்கைகள் இருந்தன. பிறகு உலோகத்துக்கு மாற்றாக, பிசினூட்டிய தாள் அடுக்குகளை அழுத்தி உருவாக்கிய இருக்கை வந்தது. அதன் இயல்பான நிறம் செங்காவி கலந்த பழுப்பு. அதன்மேல் வண்ணம் பூசுவது வழக்கமில்லை. எனவே ஒன்பதாம் வகையில் இந்தப் பழுப்பு நிறமே பொருத்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையாகவே சிவந்து தோன்றும் இந்த இருக்கையைச் 'சரியாக இல்லையே' என்று ஐயுற்றுப் பச்சையடிப்பவர்கள், பச்சையாக இருந்திருக்கவேண்டிய கடப்பாரையைத் தயங்காமல் சிவப்பாக்குகிறார்கள்!

இருக்கை ஆழமான வாளி போன்றது. ஏன் இவ்வளவு ஆழம்? விமானி தம் பாராசூட்டின் மேலேயே அமர்ந்தார். பின்புறம் தொங்கும் அந்த மூட்டைதான் அவருக்கு மெத்தை. அது அமர்வதற்காகவே இருக்கையில் குழி விடப்பட்டது. அவர் இறங்கிப்போனால் மூட்டையும் உடன் போய்விடும். ஆகவே ஆளில்லாத விமானியறையைக் கட்டும்போது இருக்கை வெறுமையாக, சற்றே அருவருப்பூட்டும் ஆழத்துடன் இருக்கவேண்டும். இதைக் கண்டு மனம் பொறுக்காமல் தோல் மெத்தை செய்து வைப்போர் உண்டு. முதுகுப்புறத்தில் ஒரு திண்டு இருந்தது உண்மை. அடியில் இல்லை. அந்த வெறுமை, ஒருவர் எழுந்து போயிருக்கிறார் என்பதை மெத்தையைவிட நன்றாகச் சொல்லும்.

சரி, நல்ல சுவடிகள் எவை? முதலாவது, விமானிகளுக்கு அரசு அச்சிட்டுக் கொடுத்த குறிப்பேடு. ஒன்பதாம் வகைக்குரிய ஏட்டில் இடச்சுவர், கருவிப் பலகை, வலச்சுவர் என மூன்று பக்கங்களின் படங்களும் எண்ணிட்டுப் பெயர்ப்பட்டியலோடு இருக்கும். பிற்காலத்தார் கை படாத சாட்சி அது. இரண்டாவது, போர்க்காலப் புகைப்படங்கள். இவை கறுப்பு வெள்ளை ஆதலால் நிறத்தைப் பற்றி இவற்றிடம் வாக்குமூலம் வாங்குவதில் எச்சரிக்கை தேவை. வடிவத்தைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். மூன்றாவது, மண்ணுக்குள்ளிருந்தும் மணலுக்குள்ளிருந்தும் வெளிப்பட்ட சிதைவுகள். 1940 மே 24 அன்று பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கிய பி9374 என்னும் ஸ்பிட்ஃபயரை மணல் விழுங்கிவிட்டது. நாற்பதாண்டு கழித்து, 1980இல் அது வெளியே வந்தது. பின்னர் அதை 1940ஆம் ஆண்டு இருந்தபடியே மீட்டமைத்து 2011இல் பறக்கவிட்டார்கள். அதே கடற்கரைப் பகுதியில் இரண்டு நாள் கழித்து வீழ்ந்த என்3200 என்னும் மற்றொன்று 1986இல் மீட்கப்பட்டு 2014இல் பறந்தது. இன்று டக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. மீட்டெடுப்பு என்றாலே இடைச்செருகல் என்று நாம் பொதுப்படச் சாடவில்லை என்பதற்காகவே இவ்விரண்டையும் குறிப்பிடுகிறோம். பழைய கருவிகளைத் தேடி அலைந்து, கிடைக்காதவற்றை அப்படியே செய்து, அக்காலத்துக்குரிய அறையை மீண்டும் நிறுவுவது சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் செய்த வேலைக்கு உறவுடைய வேலை. வானத்தில் பாதுகாப்பாகப் பறப்பதற்கென்று தற்கால வானொலியைப் பொருத்துவது வேறு. அதையும் நாம் குறை சொல்லவில்லை; பறப்பவர் உயிர் முக்கியம். அந்த வானொலியைப் பார்த்து 1944க்கான மாதிரியில் செய்து வைப்பவர்தான் நம் வழக்கின் எதிரி.

மாதிரி கட்டுவதில் நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இலக்கணத்தில் எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடங்களில் இயைய வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லித்தருகிறோம். விமானியறைக்கும் அத்தகைய இயைபு உண்டு. நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் வாலின் கிடைமட்டத் துடுப்புகள் தம் எடையால் கீழே தொங்கினால், உள்ளே கட்டுப்பாட்டுத் தண்டு முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கம்பி இழுக்கிறது. வாலைத் தொங்கவிட்டுத் தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால் 'அவள் வந்தான்' என்று எழுதியதற்கு ஒப்பாகும். சுக்கானைத் திருப்பினால் மிதிகளில் ஒன்று முன்னே போகவேண்டும். இடவலச் சாய்வுக்கு மட்டும் ஸ்பிட்ஃபயரில் தனி விதி: அறை மிகக் குறுகலானது, தண்டு முழுவதும் சாய்ந்தால் தொடையில் இடிக்கும், ஆதலால் தண்டின் மேற்பாதி மட்டுமே மூட்டிலிருந்து இடமும் வலமும் சாயும். உச்சியிலுள்ள வட்டப்பிடியை ஓரிழை சாய்த்து, இறக்கையில் ஒரு துடுப்பை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தி வைத்தால், சிறு பிளாஸ்டிக் பொருள் திடீரென்று ஒரு வாக்கியம் ஆகிவிடுகிறது. இதற்குக் காசு செலவில்லை. பித்தளைத் தகடு வேண்டியதில்லை. கத்தியும் அறிவும் போதும்.

சக்கரங்களை மடக்கும் நெம்புகோல் வலச்சுவரில் இருப்பதும் இப்படி ஒரு செய்தியே. தரையை விட்டு எழுந்த மறுநொடி விமானி திராட்டிலிலிருந்து இடக்கையை எடுத்துத் தண்டைப் பற்றிக்கொண்டு, வலக்கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். முதல் வகை விமானங்களின் தொடக்க காலத்தில் கையால் பம்பு அடித்தே மடக்க வேண்டியிருந்தது. வலக்கை பம்பு அடிக்க, அதற்கேற்ப இடக்கையும் அறியாமல் ஆட, புதிதாக வந்தவரின் விமானம் அலைமேல் படகுபோல் ஏறி இறங்கிப் போகும். கீழே நிற்கும் பழைய விமானிகள் பார்த்துச் சிரிப்பார்களாம். வலச்சுவரில் அந்த நெம்புகோலை ஒட்டும்போது இதை அறிந்து ஒட்டுகிறவருக்கும், 'பாகம் எண் இத்தனை' என்று ஒட்டுகிறவருக்கும் கையில் இருப்பது ஒரே பிளாஸ்டிக்தான். ஆனால் முன்னவர் அதைச் சரியான கோணத்தில் ஒட்டுவார்.

இனி, கடையில் விற்கும் நுணுக்கங்களைப் பற்றி. செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 1/48 ஒன்பதாம் வகை மாதிரியின் உயர்பதிப்புப் பெட்டியில், அமிலத்தால் அரித்து வண்ணமும் அச்சிட்ட பித்தளைக் கருவிப் பலகை வருகிறது. டயல் எண்கள்கூடத் தெரியும். அண்மை ஆண்டுகளில் முப்பரிமாண அச்சில் செய்த கருவிப் பலகைகளும் வார்ப்பட்டைகளும் சந்தைக்கு வந்துவிட்டன; ஒட்டினால் முடிந்தது. நாம் இவற்றுக்குப் பகையல்லோம். கண்பார்வை குறைந்துவரும் வயதில் 1.7 மில்லிமீட்டர் டயலுக்குள் முள் தீட்டுவதைவிட வாங்கி ஒட்டுவது சாலச் சிறந்தது. ஆனால் வாங்கிய நுணுக்கம் ஒருவகைச் சோம்பலைக் கற்பிக்கிறது. தகட்டில் வந்த அனைத்தையும் ஒட்டிவிட வேண்டும் என்ற வெறி பிறக்கிறது. எந்த உறுப்பு எந்த ஆண்டு வந்தது, நம் விமானத்தில் அது உண்டா என்று கேட்கும் பழக்கம் அற்றுப்போகிறது. பணம் கொடுத்து வாங்கியதை ஒட்டாமல் விட மனம் வருமா?

பித்தளை எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதிலும் விவேகம் வேண்டும். கருவிப் பலகைக்கு ஆகும். அது தட்டையான பொருள். தோள்வாருக்கு ஆகாது என்பது நம் கட்சி. விமானியைக் கட்டிய வார், பருத்தித் துணி. பயன்படுத்திப் பயன்படுத்தி மடிந்து, ஒரு தோள்வார் இருக்கையின் முதுகில் தொங்கவும் மற்றொன்று உள்ளே விழுந்து சுருளவுமாகக் கிடக்கும். பித்தளைத் தகட்டை எத்தனை வளைத்தாலும் அது தகரம்போல் விறைத்தே நிற்கும். மெல்லிய ஈயத் தகட்டைக் கத்தியால் இழைத்து வெட்டி, பல்குத்தும் குச்சியின் முனையால் அழுத்தினால் துணி விழுவதுபோல் விழுகிறது. மின்கம்பிக்குள் இருக்கும் செப்பிழையில் கொக்கி வளைத்துக்கொள்ளலாம். 0.3 மில்லிமீட்டர் இழை, 48 மடங்கு பெருக்கினால் 14 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய். சுவரில் ஓடும் குழாய்களுக்கும் அதுவே பொருந்தும். டயலின் கண்ணாடிக்குத் தெளிவான வார்னிஷ் ஒரு சொட்டு. மூடியை ஒட்டும்போது மட்டும் ஃபெவிக்விக் பக்கம் போகலாகாது; அதன் ஆவி கண்ணாடியை வெள்ளை பூக்கச் செய்துவிடும். ஃபெவிகாலே போதும்.

பெருக்கல் வாய்பாட்டைச் சொன்னது நல்லதாயிற்று. வண்ணம் உரிந்து உலோகம் தெரிவதுபோல் வெள்ளிப் புள்ளிகளை அறை முழுதும் அள்ளித் தெளிக்கும் வழக்கம் இப்போது மிகுந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் உண்மையில் 24 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு நாணய அகலம். சில மாதங்களே பறந்த விமானத்தின் சுவரெங்கும் நாணய அளவில் வண்ணம் உரிந்திருக்குமா? உரியும் இடம் உரியும்: விமானி காலெடுத்து வைத்து ஏறும் கதவின் விளிம்பு, அவர் முதலில் மிதிக்கும் இருக்கையின் அடி, குதிகால் தேயும் தடங்கள். ஒரு மனிதன் ஏறி உட்காரும் வழியை மனத்தால் நடந்து பார்த்தால் தேய்மானம் தானாகத் தெரியும்.

நிழலுக்குக் கரும்பழுப்பு நீரோட்டம் விடுவதையும், விளிம்புகளில் உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தொடுவதையும் நாம் ஏற்கிறோம். இவையும் உண்மையில் இல்லாதவைதாமே என்று மடக்கலாம். இல்லாதவைதாம். ஆனால் இவ்வளவு சிறிய பொருளில் இயற்கை வெளிச்சம் தன் வேலையைச் செய்ய இடமில்லை. அதன் வேலையை நாம் செய்து, இருப்பதைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறோம். அது உரை. இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டுவது இடைச்செருகல். பரிமேலழகர் குறளுக்கு உரை எழுதினார். குறள் எழுதிச் சேர்க்கவில்லை.

எதிர்வாதம் இரண்டு உண்டு. மூடியை ஒட்டிவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியப்போவதில்லையே என்பது ஒன்று. இதற்கு நாம் அதிகம் மெனக்கெடமாட்டோம். கோபுரத்தின் உச்சியில், எவர் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் சிற்பியின் உளி பட்டிருப்பதைப் பார்த்த மக்கள் இக்கேள்வியைக் கேட்கலாகாது. மற்றது வலுவானது: இது கலை, கலைஞனுக்கு நிறம் மாற்ற உரிமையுண்டு. உண்டு. எவரேனும் விமானியறை முழுவதையும் மயில்நீலத்தில் தீட்டி 'இது என் கற்பனை' என்று வைத்தால் நாமும் கைதட்டுவோம். ஆனால் அடியில் பெயர்ப்பலகை வைத்து, படையணி எண், விமான எண், ஆண்டு, விமானியின் பெயர் எல்லாம் பொறித்துவிட்ட பிறகு அந்த உரிமை இல்லை. அங்கே ஒரு மனிதன் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. நடுகல்லில் பெயரைப் பொறித்துவிட்டு வாளுக்குப் பதில் கரும்பை அவன் கையில் கொடுக்க முடியுமா?

சில மூலைகளுக்குச் சான்று கிடைப்பதில்லை. குறிப்பேட்டின் படத்தில் இருக்கையின் பின்னால் வெறும் கருநிழல். போர்க்காலப் படத்தில் விமானியின் தோள் அவ்விடத்தை மறைத்திருக்கும். அங்கே என்ன செய்வது? புறநானூற்றில் 267, 268 ஆம் எண்ணுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பில் எண்கள் இருக்கின்றன, பாட்டு இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்த இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. அத்துணைப் பழகிய புலவருக்கு ஆசிரியப்பாவில் இரண்டடி எழுதி நிரப்புவது அரிய காரியமா? நிரப்பவில்லை. நாமும் அந்த மூலையில் பச்சையைப் பூசி, நிழலை ஓட்டி, அப்படியே விட்டுவிடலாம். கம்பியும் பெட்டியும் திணித்து 'நுணுக்கம்' காட்டவேண்டியதில்லை. போட்டி நடுவர் 'அங்கே வெறுமையாக இருக்கிறதே' என்று மதிப்பெண் குறைப்பார். குறைக்கட்டும்.

ஏட்டின் கடைசியில், எழுதி முடித்தவர் தம் பெயரையும் நாளையும் குறித்துவைப்பது வழக்கம். ஸ்பிட்ஃபயர் ஒன்றிலும் அது நடந்திருக்கிறது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களை ஓட்டிச்சென்று சேர்த்த துணைப் போக்குவரத்து அமைப்பில் பெண் விமானிகளும் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான மேரி எல்லிஸ் (அப்போது மேரி வில்கின்ஸ்), 1944இல் எம்.வி.154 என்னும் எட்டாம் வகை ஸ்பிட்ஃபயரை ஓட்டிச்சென்றபோது அதன் விமானியறைக்குள் தம் பெயரை எழுதிவைத்தார். அந்த விமானம் அழியாமல் தப்பியது. நெடுங்காலத்துக்குப் பின் அவரே அதை மீண்டும் கண்டார். 2018இல், 101ஆம் வயதில் மறைந்தார்.

நம் மேசையில் அடுத்துக் காத்திருப்பது எட்டாம் வகைப் பெட்டி. அதன் கடப்பாரைக்குப் பச்சை வண்ணம் கலக்கியாயிற்று. கூரிய பென்சில் ஒன்றும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கையெழுத்து இருக்கும் இடத்தை நேராகக் காட்டும் படம் ஒன்று கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.